வாத்தியார் சேர்த்த வரி

கபீர் வாத்தியாருக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அதிலும் நடிக்கத் தெரியாதவன் நடிக்கிறேன் என்று வந்து நின்றுவிட்டால் போதும், மனுஷனுக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிடும். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு வெல்லக் கிடங்கின் மாடியில் அவர் நடத்திய நடிப்புப் பள்ளிக்கூடத்துக் கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"அடேய், நீ ராஜாவா, மீன் ஏலம் விடறவனா? எதிர்ல நிக்கிறது உன்னப் பெத்த தாய்டா! தாய்கிட்ட எவனாச்சும் தொண்டை கிழியக் கத்துவானா?"

குரும்பகரத்து மிராசுதார் மகன் ராஜா வேஷத்துக்குப் பழக வந்திருந்தான். திருவிழா நாடகத்தில் சத்தமாகப் பேசினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பது அவன் கட்சி. கடைசி வரிசைக்காரன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவான் என்பது வாத்தியார் கட்சி. கீழே மூட்டை இறக்குகிறவர்கள் இரண்டு கட்சியையும் கேட்டுச் சிரித்துவிட்டு மறுபடியும் மூட்டையைத் தூக்குவார்கள்.

சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் கொண்டுபோய் விடப்பட்டவர் கபீர் வாத்தியார். அங்கிருந்த வாத்தியார் ஒரு தடவை கை தட்டினால் நடிக்கிறவன் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தி, முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் பிரம்பு பேசும். கபீர் வாத்தியார் பிரம்பைத் தூக்கிப் போட்டுவிட்டார், கை தட்டலை மட்டும் வைத்துக்கொண்டார். அவரிடம் பத்து நாள் படித்தவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கை தட்டினால்கூடச் சோற்றை வாயில் வைத்தபடி முதல் வரியைத் தொடங்குவான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இப்படிப்பட்ட மனுஷரிடம்தான் ஐப்பசியில் ஒருநாள் மருதையன் என்று ஒருத்தன் வந்தான். நாகூருக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம் என்று சொல்லிக்கொண்டான். கூட ஒடிசலாக, வெயிலில் கறுத்த ஒரு ஆள். பெயர் மாரிக்கண்ணு.

"மாசி மகத்துக்கு எங்க ஊர்ல சமூக நாடகம் போடறோம் வாத்தியாரே. ராசா ராணி கெடையாது. எங்க சனத்தோட கதை. கடல்ல ஒருத்தன் சாவுறான். சாவும்போது கூட இருந்த கூட்டாளிகிட்ட நாலு வார்த்தை சொல்றான். கூட்டாளி கரைக்கு வந்து அதச் சொல்லணும். அந்தக் கட்டம் மட்டும் இவனுக்கு ஒழுங்கா வரல. நீங்க பழக்கிக் குடுக்கணும்."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாக்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அலுத்துப் போயிருந்தவர் அவர். சமூக நாடகமாம், கடலாம், சாவாம்! எந்த ஊர், யார் யார் நடிக்கிறார்கள், மற்றக் கட்டங்களை யார் பழக்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "பேசிக் காட்டுடா" என்றார்.

மாரிக்கண்ணு பேசிக் காட்டினான். கட்டுமரமும் வலையும் தம்பிக்கு, வீடு தம்பிக்கு, பெண்டாட்டியைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று செத்தவன் சொன்னானாம். சந்தையில் சாமான் சொல்வதைப் போல அடுக்கிக்கொண்டே போனான். வாத்தியார் கை தட்டினார்.

"நிறுத்து. சாவுறவன் பேசறானா, கணக்கப்பிள்ளை பேசறானா? அவனுக்கு ஒரு பொண்டாட்டி இருக்காள்ல? பேரு என்ன?"

மருதையன் சற்றுத் திணறி, "குஞ்சம்மா" என்றான்.

"உசுரு போற நேரத்துல அவ ஞாபகம் வராதாடா? வீடு வாசல் சொத்து மட்டுந்தான் வருமா?" வாத்தியார் ஜன்னல் ஓரம் போய் நின்று யோசித்தார். அன்றைக்குக் காலையில்தான் அவர் தன் மனைவி ஜொஹராவிடம் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருந்தார். திரும்பி வந்தவர் ஒரு வரி சேர்த்தார். "பொறப்படும்போது அவள வைஞ்சுட்டு வந்தேன்டா. எனக்கு ஒண்ணும் கோவம் இல்லன்னு சொல்லிடு." "எங்கே, இதச் சொல்லு!" என்றார்.

மாரிக்கண்ணு அந்த வரியைச் சொன்னான். சொல்லும்போது அவன் முகம் என்னவோ போல ஆனது. வாத்தியாருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் கையில் சிக்காத நடிகன் இவன். அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் பாடம் நடந்தது. அழாதே, அழுகிறவனை எவனும் நம்ப மாட்டான், அழுகையை அடக்கு என்று சொல்லிக்கொடுத்தார். துண்டின் முனையை விரலில் சுற்றச் சொன்னார். "வைஞ்சுட்டு வந்தேன்டா" என்ற இடத்தில் குரல் உடைந்து, எச்சில் விழுங்கி, அதன் பிறகு மீதியைச் சொல்ல வேண்டும். சரியாக வரும் வரைக்கும் கை தட்டினார், மாரிக்கண்ணு முதலிலிருந்து ஆரம்பித்தான். பாடம் முடிந்த அன்றைக்கு வாத்தியார் அவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். நாடகத்தைப் பார்க்கக் கட்டாயம் வருவேன் என்றார். மருதையன் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. ஜொஹரா வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். கூடைக்காரி காசியம்மா கருக்களாச்சேரிக் குப்பத்துக்காரி. கூடையை இறக்கினாள் என்றால் ஊர்க்கதை முழுவதையும் இறக்காமல் எழுந்திருக்க மாட்டாள். வாத்தியார் உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கி சீக்கிரம் போவணும் பாயம்மா. எங்க ஊர்ல பஞ்சாயத்து. பாவம், அந்த அல்லி. புருசன் கோவிந்தராசு கட்டுமரத்துல போன எடத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் செத்துட்டான்ல. ஒரு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறா. மரமும் வீடும் அவளுக்குத்தான்னு எல்லாரும் இருந்தோம். கருமாதி அன்னைக்கு, கூடப் போன கூட்டாளி வாயத் தொறந்தான். எல்லாம் தம்பிக்குன்னு செத்தவன் சொன்னானாம்."

"அவன் சொன்னா ஆச்சா?" என்றாள் ஜொஹரா.

"எங்க ஊர்ல அப்புடித்தான். கடல்ல செத்தவன் கடைசியாச் சொன்னது சாமி வாக்கு மாதிரி. நாட்டாமைகூட அத மாத்த முடியாது. கூட இருந்தவன் சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா முடிஞ்சுது. எனக்கு மொதல்ல நம்பிக்க இல்ல. அந்தத் தம்பிக்காரன் மருதையன் சரியான ஆளு இல்ல பாத்துக்க. ஆனா அல்லியே நம்புறாளே! அன்னைக்கு விடியக்காலம் புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையாம். வீட்டுக்குள்ளயே நடந்தது, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. இவன் வந்து சொல்றான், 'பொறப்படும்போது அவள வைஞ்சுட்டு வந்தேன், எனக்கு ஒண்ணும் கோவம் இல்லன்னு சொல்லிடு'ன்னாராம். அத கேட்டதும் அவ விழுந்து பொரண்டு அழுதா பாரு! எம்புருசன் சொல்லாம இவனுக்கு எப்புடித் தெரியும், சொன்னது அவருதான், வீட்ட எடுத்துக்கட்டும்ங்கிறா."

உள்ளே ஊசி வாத்தியாரின் விரலில் ஏறியது. வலிகூடத் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் வாசலுக்கு வந்து நின்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், காசியம்மா பயந்துபோய்க் கூடையை இழுத்துக்கொண்டாள்.

"கூட்டாளி பேரு என்ன? மாரிக்கண்ணா?"

"ஆமா பாய். அவன ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"படுபாவிப் பயலுங்க! எங்கிட்டயே வந்து... எங்கிட்டயே கத்துக்கிட்டுப் போயி..." வாத்தியார் கையில் அகப்பட்ட தண்ணீர்ச் செம்பைத் தூக்கி முற்றத்தில் வீசினார். சட்டையில் பாதிப் பொத்தான் இல்லை. அவருடைய பாடம், அவருடைய குரல், அவருடைய துண்டு முனை, எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரு அனாதைப் பொம்பளையின் வீட்டைப் பிடுங்க வைத்திருக்கிறார்கள். ஏமாந்தது அவர். அதை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய எரிச்சல், அந்த மாரிக்கண்ணு முகம் மாறியதைப் பார்த்து 'ஆகா, என்ன நடிப்பு' என்று மயங்கி நின்றாரே, அது. செத்த கூட்டாளியின் நினைப்பு வந்து அவன் முகம் மாறியிருக்கிறது. இவர் அதற்கு சபாஷ் போட்டிருக்கிறார்.

"இங்க நின்னு செம்ப ஒடைச்சா ஆயிடுமா?" என்றாள் ஜொஹரா. "போறதுன்னா இப்பவே போங்க. ஜும்ஆத் தொழுக நேரத்துக்குள்ள முடிச்சுடப் போறானுவ."

வாத்தியார் சைக்கிளை எடுத்தார். அரசலாற்றுப் பாலத்தில் மாட்டு வண்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டே போனார். வழிவிட்டவனையும் திட்டினார், விடாதவனையும் திட்டினார். மணல் வந்ததும் சைக்கிள் ஓடாமல் நின்றது. அதையும் நாலு வார்த்தை திட்டி ஒரு தாழம்புதர் ஓரம் போட்டுவிட்டு நடந்தார்.

கருக்களாச்சேரி மாரியம்மன் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். வலை காயப் போட்டிருந்த பக்கம் பெண்கள் கூட்டம். அதற்கு முன்னால் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக ஒருத்தி நின்றாள். வெறும் கழுத்தைப் பார்த்ததும் அவள்தான் அல்லி என்று வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. சின்னப் பெண். முகத்தில் அழுகை வற்றிப்போய் ஒருவித அமைதி இருந்தது. சொத்துப் பறிபோகப் போகிறவளின் முகமாக அது இல்லை.

தட்டில் சூடம் தயாராக இருந்தது. நாட்டாமை, "சத்தியத்துக்கு முன்னாடி நடந்தத ஊருக்கு ஒரு தரம் சொல்லுப்பா" என்றார். மாரிக்கண்ணு எழுந்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து முனையை விரலில் சுற்றினான்.

"வெள்ளி மொளைக்கிற நேரம். காத்து விழுந்து கெடந்துது. வல இழுத்துக்கிட்டிருந்த மனுசன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தாரு. தலைய எம்மடியில வச்சுக்கிட்டேன்..."

சுத்தமாகப் பேசினான். ஒரு வார்த்தை பிசகவில்லை. வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. பாருங்கள், அந்த நேரத்திலும் அவருக்குள்ளே இருந்த வாத்தியார், 'நன்றாகச் செய்கிறான்' என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாத்தியார் மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

"'பொறப்படும்போது அவள வைஞ்சுட்டு வந்தேன்டா...'" மாரிக்கண்ணு குரல் உடைந்தது. எச்சில் விழுங்கினான். பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது.

வாத்தியார் ஒரு தடவை கை தட்டினார்.

மாரிக்கண்ணு நின்றான். முகத்தில் இருந்ததெல்லாம் துடைத்துவிட்டாற்போலப் போயிற்று. முதுகை நிமிர்த்தினான். துண்டு முனையை அவிழ்த்து மறுபடியும் விரலில் சுற்றினான்.

"வெள்ளி மொளைக்கிற நேரம். காத்து விழுந்து கெடந்துது..."

கூட்டம் ஒன்றும் விளங்காமல் பார்த்தது. துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது போல என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதே வார்த்தை, அதே ஏற்ற இறக்கம். 'வைஞ்சுட்டு வந்தேன்டா' என்ற அதே இடத்தில் அதே உடைசல், அதே எச்சில். வாத்தியார் மறுபடியும் தட்டினார்.

"வெள்ளி மொளைக்கிற..." என்று தொடங்கிய மாரிக்கண்ணு அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான். பொத்தான் இல்லாத சட்டையோடு, மணல் அப்பிய காலோடு, ஆட்களின் பின்னால் வாத்தியார் நின்றார்.

"ஏன்டா நிறுத்திட்ட? சொல்லு! இன்னும் ஒருதரம் அழு, ஊரு பாக்கட்டும்!" வாத்தியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "ஐயா, இவன் சாட்சி சொல்லல, பாடம் ஒப்பிக்கிறான். சொல்லிக் குடுத்தவன் நான். காரைக்கால்ல நடிப்பு வாத்தியார். நாடகம்னு சொல்லி இந்த மருதையன் என் பள்ளிக்கூடத்துக்கு இவன இட்டாந்தான். எந்த எடத்துல தொண்டை அடைக்கணும், எந்த எடத்துல முழுங்கணும், எல்லாம் நான் பழக்குனது. வேணும்னா நீங்களும் தட்டிப் பாருங்க, மறுபடி மொதல்லேருந்து அழுவான்!"

மருதையன் துள்ளி எழுந்தான். "துலுக்கனுக்கு எங்க ஊர்ப் பஞ்சாயத்துல என்னடா வேல? வெளிய போடா!"

"நீ வாய மூடு," என்றார் நாட்டாமை. அவர் சத்தம் போடவே இல்லை. மாரிக்கண்ணுவைப் பார்த்து, "சூடத்த ஏத்தவா?" என்று கேட்டார்.

மாரிக்கண்ணு மணலில் குப்புற விழுந்தான். "வேணாங்க... ஏத்தாதீங்க. மரத்துல பாதிப் பங்கு தர்றேன்னாரு. எனக்கும் மூணு புள்ளைங்க. அண்ணன் நெஞ்சப் புடிச்சாரு, சாஞ்சாரு. நான் போயித் தூக்குறதுக்குள்ள போயிட்டாரு. வாயே தொறக்கல."

அதற்கப்புறம் எழுந்த இரைச்சலைச் சொல்ல வேண்டியதில்லை. மருதையன் மேல் நாலு பேர் பாய்ந்தார்கள், நாலு பேர் தடுத்தார்கள். நாட்டாமை அவனையும் மாரிக்கண்ணுவையும் ஊரை விட்டுத் தள்ளிவைத்தார். வீடும் மரமும் வலையும் அல்லிக்கு, அவளுக்குப் பிறகு அவள் மகளுக்கு, தொழிலுக்கு ஆள் போட்டுக் கொடுப்பது ஊர்ப் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. வாத்தியாருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். "நீங்க மட்டும் வரலன்னா..." என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். காலையில் வந்த கோபம் அவருக்கு அப்போதுதான் கொஞ்சம் ஆறியது. மனசுக்குள் ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. பொய் சொன்னாலும் தன் பாடம் பிசகவில்லை என்று ஜொஹராவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அல்லி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று வாத்தியார் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பரவாயில்லம்மா, ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று சொல்லத் தயாராகக்கூட இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் பாய்."

"கேளும்மா."

"எல்லாம் நீங்க பழக்குனதுன்னீங்க. மரம், வல, வீடு, அதெல்லாம் அவனுவ சொன்ன பொய்யி. எனக்குத் தெரியுது." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அந்தக் கடைசி வார்த்த? கோவம் இல்லன்னு சொல்லிடுன்னு சொன்னாருன்னானே, அது? அதயாவது அவரு சொன்னாருல்ல?"

வாத்தியார் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்ல அவரைவிடக் கெட்டிக்காரன் அந்த ஜில்லாவில் கிடையாது. ஆனால் சற்று முன்னால்தான் கோவிந்தராசு வாயே திறக்கவில்லை என்று ஊர் முழுக்கக் கேட்டிருந்தது.

"அது... நாஞ் சேத்த வரிம்மா," என்றார். "கட்டம் வெறுமனே இருந்துச்சு. அதான்."

அல்லி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த அமைதி கண்ணெதிரே கரைந்து போனது. அந்த இடத்தில் வந்த கோபத்தைப் பார்த்து, கோபத்துக்குப் பேர் போன கபீர் வாத்தியார் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"அன்னைக்கு விடியக்காலம் நாந்தான் அவர வைஞ்சேன். 'போயித் தொல, திரும்பி வராத'ன்னேன். அவரு ஒரு வார்த்த பேசாம எறங்கிப் போனாரு. பதினாறு நாளும் எந்நெஞ்சு வெந்துது. இவன் வந்து அதச் சொன்னப்ப, எம்மேல பழி வரக் கூடாதுன்னுதான் தான் வைஞ்சதா மாத்திச் சொல்லியிருக்காருன்னு நெனச்சேன். அன்னைக்குத்தான் சோறு தின்னேன். எம்புள்ளைய மடியில போட்டுத் தூங்குனேன். வீடு போனா போவட்டும், இது ஒண்ணு போதும்னுதான் இங்க வந்து நின்னேன்." அவள் குரல் உயர்ந்தது. மரியாதை போய்விட்டது. "கட்டம் வெறுமனே இருந்துச்சுன்னா என் வாழ்க்கையில கைய வைப்பியா நீ? குடுத்துட்டு, எல்லார் முன்னாலயும் கையத் தட்டிப் புடுங்குவியா?"

"அம்மா, வீடு..."

"வீட்ட நீயே வச்சுக்க. அந்த வார்த்தைய எனக்குத் திருப்பிக் குடு."

அவர் வாயைத் திறந்தார். ஒரு வரிகூட வரவில்லை.